டீச்சர் வீட்டுத் தெருக்குத்து

அந்தச் சாவிய டேபிள் மேலயே வைங்கம்மா. என் கையில குடுக்க வேணாம். வாங்க மாட்டேன்னு சொல்லல, இப்ப வேணாம்னு சொல்றேன். நான் ஒண்ணு சொல்லி முடிச்சப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க. இல்லேன்னா இதே பஜார்ல இன்னும் நாலு புரோக்கர் இருக்கான், எவன்கிட்டயாச்சும் போங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

டீ சொல்லட்டுமா? சரி, வேணாம்னா விடுங்க. அந்த ஃபேன இப்படித் திருப்பிக்கங்க, வேர்க்குது உங்களுக்கு.

வந்ததும் ஒரு பேப்பர நீட்டுனீகள்ல, பதினோரு கேள்வி? வீடு விக்கிறவுக புரோக்கர்கிட்ட என்னென்ன எதிர்பார்க்கலாம்னு ஃபோன்ல பாத்து எழுதுனேன்னீக. இருபத்தாறு வருஷமா மதுரையில இந்தத் தொழில் பாக்குறேன், ஒருத்தரும் இப்படி எழுதிட்டு வந்ததில்ல. படிக்கப் படிக்கச் சிரிப்பாத்தான் வந்துச்சு. அப்புறம் நீங்க சொன்னீக பாருங்க, "எங்க வீட்டுக்கு நேரா ஒரு ரோடு வந்து முட்டுதுண்ணே, தெருக்குத்து, அதச் சொல்லி விலையக் குறைப்பாங்களா"ன்னு. அங்கயே எனக்குப் பாதி சிரிப்பு போச்சு. மீதி, யாரு அனுப்புனாகன்னு கேட்டப்ப போச்சு. "மரகதவல்லி டீச்சர். எனக்கு எட்டாவதுல கணக்கு எடுத்தாங்க. கூடலிங்கம் பொய் பேசத் தெரியாத மனுஷன், கண்ண மூடிக்கிட்டுப் போன்னு சொன்னாங்க."

யாத்தே! கண்ண மூடிக்கிட்டுப் போன்னா சொன்னாக? அதே வார்த்தையா?

நீங்க மூணாவது ஆளும்மா. டீச்சர் அனுப்பி வந்த மூணாவது ஆளு. மொத ரெண்டு பேருக்கு வாயப் பொத்திக்கிட்டு வீட்ட வித்துக் குடுத்துட்டேன். நீங்க அந்தப் பேப்பர நீட்டினதுனாலயோ என்னமோ, இன்னைக்கு முடியல. வெக்கமா இருக்கு. வயசு அம்பத்தெட்டு, ஒரு பொம்பளப் புள்ள முன்னாடி உக்காந்து இப்படிப் பேசுறதே வெக்கமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிடுறேன்.

டீச்சர் வீடு நாகமலைப் பக்கம். கிழக்குப் பாத்த வீடு. எதுத்தாப்புல ஒரு ரோடு நேரா வந்து, வீட்டோட வடகிழக்கு மூலையில முட்டும். டீச்சர் வீட்டுக்காரர் சோமசுந்தரம் சார் கரண்ட் ஆபீஸ்ல வேல பாத்தவரு. ரெண்டு பேரும் லோன் போட்டுக் கட்டுன வீடு. புள்ள குட்டி இல்ல. குடி வந்து நாலாவது வருஷம் சார் தவறிட்டாக. டீச்சர் அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் ஒத்தையில இருந்து, ரிட்டயர் ஆனதும் என்கிட்ட வந்தாக. "இவ்வளவு பெரிய வீட்ட நான் ஒருத்தி பெருக்க முடியல. இத வித்துட்டு ஸ்கூல் பக்கத்துல சின்னதா ஒரு ஃபிளாட் வாங்கிக்கிறேன். சாயங்காலம் நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டுக் காலத்த ஓட்டிடுவேன்." அம்புட்டுத்தான் ஆசை. வேற ஒண்ணும் கேக்கல.

நான் நல்லா வேல பாத்தேன்மா. அதையும் சொல்லணும்ல. பட்டாவுல சார் பேரு தப்பா ஏறியிருந்துச்சு. தாலுகா ஆபீசுக்கு எத்தன நடை நடந்தேன் தெரியுமா? வெயில்ல, செருப்பு வார் அந்துபோயி, பதினாலு நடை. டீச்சர் ஆட்டோவுக்கு வச்சுக்கங்கன்னு குடுத்தத வாங்கல. அதத்தான் அவுக இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காக, கூடலிங்கம் கூடலிங்கம்னு.

உங்க பேப்பர்ல ரெண்டாவது கேள்வி என்ன? "நீங்கள் என் பக்கம் நிற்பீர்களா, வாங்குபவர் பக்கம் நிற்பீர்களா?" கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க தொழில்ல ரெண்டு பக்கமும் நிப்போம்மா. ரெண்டு பக்கமும் கமிஷன் உண்டு. விக்கிறவுகளும் வாங்குறவுகளும் ஒண்ணா உக்காந்து பேச விடமாட்டோம். விட்டா நமக்கு அங்க என்ன வேல? அவுக சொன்னத இவுககிட்ட நாங்க சொல்லுவோம், இவுக சொன்னத அவுககிட்ட நாங்க சொல்லுவோம். நடுவுல கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இது ஊரறிஞ்ச விஷயம்.

அப்ப ஒரு மில்லுக்காரருக்கு நாகமலைப் பக்கம் வீடு வேண்டியிருந்துச்சு. மகனுக்காகப் பாத்தாரு. பேரு எதுக்கு, விடுங்க. எனக்கு வேண்டிய மனுஷன். அவருக்குச் சல்லிசா முடிச்சுக் குடுக்கணும்னு எனக்கு ஒரு இது. டீச்சரோ சொன்ன விலையில நின்னாக. நியாயமான விலைதான், குத்தம் சொல்ல முடியாது.

இந்த மாதிரி நேரத்துல நாங்க ஒரு வேல பண்ணுவோம். டம்மி பார்ட்டின்னு பேரு. நம்ம ஆளுகளையே வீடு பாக்க வந்த மாதிரி அனுப்புறது. வாங்க மாட்டாக. வந்து சுத்திப் பாத்துட்டு, ஒரு குறையச் சொல்லிட்டுப் போயிருவாக. அதே குறைய அடுத்த ஆளும் சொல்லுவான். மூணாவது ஆளும் சொல்லுவான். புரோக்கர் சொன்னா விக்கிறவுக நம்ப மாட்டாக, முகம் தெரியாத மூணு பேரு சொன்னா நம்பிருவாக. இது நான் கண்டுபிடிச்சது இல்லம்மா, எல்லாரும் பண்றதுதான்.

மொத ஆளா என் சேக்காளி ஒருத்தன அனுப்புனேன். வாசல்ல இறங்கினதுமே நெத்தியில கைய வச்சுக்கிட்டு, "அடடா, தெருக்குத்துல்ல இது"ன்னான். உள்ளயே வரல. ரெண்டாவது ஒரு புருஷன் பொண்டாட்டி. அந்தம்மா அப்படியே ரோட்டப் பாத்துட்டு, "வீட்டுல ஆம்பள நிலைக்க மாட்டாகளேக்கா"ன்னு டீச்சர்கிட்டயே கேட்டுருச்சு. நான் அப்படிச் சொல்லச் சொல்லல! சத்தியமா சொல்லல. தெருக்குத்துன்னு மட்டும் சொல்லுன்னேன், அது கூடச் சேத்துச் சொல்லிருச்சு. மூணாவது ஆளு காம்பஸோட வந்த வாஸ்துக்காரரு.

டீச்சர் அதுவரைக்கும் இதெல்லாம் நம்புனவுக இல்ல. கணக்கு டீச்சர்ல. மொத ஆளு சொன்னப்ப சிரிச்சாக. ரெண்டாவது தடவை சிரிக்கல. மூணாவது ஆளு போனப்புறம் எனக்குக் காபி குடுத்துட்டு, எதுத்தாப்புல உக்காந்தாக. அப்புறம் கேட்டாக.

"கூடலிங்கம், இந்த வாசல இந்த மூலையில வைக்கச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். அவர் தெற்குப் பக்கம் வைக்கலாம்னு சொன்னார். நான்தான் பிடிவாதமா இங்க வைக்கச் சொன்னேன். அடுப்படி ஜன்னலையும் இதே பக்கம் வைக்கச் சொன்னேன். அவர் டியூட்டி முடிஞ்சு வர்றது அந்த ரோட்டுல தூரத்துல இருந்தே தெரியும். பாத்ததும் காபிக்குப் பால அடுப்புல வச்சா, அவர் கேட்டத் திறக்கறதுக்கும் பால் பொங்கறதுக்கும் சரியா இருக்கும். அதுக்காக வச்சேன்."

சார் இறந்தது எப்படின்னு எனக்குத் தெரியும். அந்த ரோட்டுலதான். வண்டியில வந்துக்கிட்டிருக்கும்போதே நெஞ்சு வலிச்சு, கேட்டுக்கு நேரா சாஞ்சுட்டாக. டீச்சர் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாக. பால் அடுப்புல இருந்துச்சு.

"அப்ப நான்தான் அவரக் கொன்னேனா, கூடலிங்கம்?"ன்னு கேட்டாக.

அந்த இடத்துலதாம்மா. அந்த இடத்துல நான் வாயத் தொறந்திருக்கணும். "கிறுக்கா டீச்சர் உங்களுக்கு? அவனுக எல்லாம் நான் அனுப்புன ஆளுக. தெருக்குத்துமில்ல, ஒரு மண்ணுமில்ல"ன்னு சொல்லியிருக்கணும். சொல்ல என்ன ஆகும்? ஒரு நிமிஷம். அட, அவனுக நான் அனுப்புனவனுகன்னு ஒத்துக்க வேணாம், "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல டீச்சர்"னாவது சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன பண்ணேன் தெரியுமா? டம்ளரக் கீழ வச்சேன். வச்சுட்டு, "எல்லாம் விதி டீச்சர்"னேன்.

விதியாம். என் வாயில புத்து வைக்க.

அதுலயும் ஒண்ணு இருக்கும்மா, கேளுங்க. வாஸ்துப்படியே பாத்தாக்கூட அது கெட்ட குத்து இல்ல. வடகிழக்கு மூலையில ரோடு வந்து முட்டுனா அதுக்குப் பேரு ஈசானியப் பார்வை. நல்லது, பணம் கொழிக்கும், வம்சம் விளங்கும்னு சொல்லி நாங்களே கூட்டி விப்போம். அந்த மில்லுக்காரர்கிட்ட நான் அப்படித்தான் சொன்னேன். "ஈசானியப் பார்வைண்ணே, லேசுல கிடைக்காது"ன்னேன். ஒரே ரோடு. காலையில டீச்சர்கிட்ட ஒரு மாதிரி, சாயங்காலம் அவருகிட்ட ஒரு மாதிரி.

அடுத்த வாரமே டீச்சர் காம்பவுண்டுச் சுவத்துல ஒரு மாடம் எடுத்து, ரோட்டப் பாத்து ஒரு பிள்ளையாரு வச்சாக. நான்தான் கல்தச்சன்கிட்ட வாங்கிட்டு வந்து குடுத்தேன். விலையும் இறங்கி வந்துட்டாக. எம்புட்டு இறங்குனாகன்னு கேக்காதீக. அந்த ஃபிளாட்ட வாங்க முடியாத அளவுக்கு இறங்குனாக, அம்புட்டுத்தான் சொல்லுவேன்.

பத்திரம் பதியுற அன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வேப்ப மரத்தடியில வச்சு சாவிக் கொத்தக் குடுத்தாக. ஒவ்வொரு சாவியிலயும் சின்னதா அட்டை கட்டி, அவுக கையெழுத்துல எழுதியிருந்துச்சு. மாடி, பீரோ ரூம், அடுப்படின்னு. குடுத்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டாக. "குறைய மறைச்சு வித்தா பாவம், கூடலிங்கம். வாங்கறவங்ககிட்ட தெருக்குத்தச் சொல்லிட்டீங்கள்ல? அந்த வீட்டுல ஆம்பளைங்க இருப்பாங்கள்ல? வாசல மாத்திக்கச் சொல்லுங்க. ஜன்னல அடைச்சிடச் சொல்லுங்க. இன்னொருத்திக்கு இது வர வேண்டாம்"னாக.

சொல்லிட்டேன் டீச்சர்னு தலைய ஆட்டுனேன்.

தண்ணி குடிச்சுக்கிறேம்மா. கொஞ்சம் இருங்க.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீகன்னு தெரியுது. இவன் இம்புட்டுத்தானான்னு நினைக்கிறீக. இன்னும் முடியல. நான் போய்ச் சொன்னேன்மா! போன தை மாசம். டீச்சர் இப்ப தங்கச்சி வீட்டு மாடியில ஒத்தை ரூம்ல இருக்காகள்ல, நீங்க பாத்திருப்பீகளே. அங்க போனேன். சுவத்துல சார் படம். படத்துக்கு முன்னாடி ஒரு டம்ளர்ல பால். தினமும் சாயங்காலம் அஞ்சே காலுக்கு வைக்கிறாகளாம். "மன்னிப்பு கேட்டுக்கிறேன்"னு சொன்னாக. "யார்கிட்ட டீச்சர்"னேன். "அவர்கிட்டதான், வேற யார்கிட்ட? வாசல மாத்தாம விட்டதுக்கு."

அதுக்கு மேல என்னால தாங்க முடியல. அழுதுட்டேன். "டீச்சர், அந்த மூணு பேரும் நான் அனுப்புன ஆளுக. தெருக்குத்து பொய். விலையக் குறைக்கச் சொன்ன பொய். சார் சாவுக்கும் வாசலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல"ன்னு கொட்டிட்டேன்.

டீச்சர் என்ன சொன்னாக தெரியுமா? என் தோளத் தட்டிக் குடுத்தாக. "எனக்குத் தெரியும் கூடலிங்கம். நான் படுற பாட்டப் பாத்து உங்க மனசு கேக்கல. என் பாரத்த இறக்கணும்னு பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க. இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வாங்க"ன்னுட்டு, எனக்கு ரெண்டு வாழப்பழம் வேற குடுத்து அனுப்புனாக.

பொய்ய நம்புனாகம்மா. நெசத்தச் சொன்னா நம்ப மாட்டேங்கிறாக. நான் என்ன பண்ணட்டும்? அதுக்கப்புறம்தான் இப்படி ஆள் ஆளா என்கிட்ட அனுப்ப ஆரம்பிச்சாக, பொய் பேசத் தெரியாதவன்னு.

அதனால நான் கேக்குறது இது ஒண்ணுதான். உங்க வீட்ட நான் வித்துத் தர்றேன். டம்மி பார்ட்டி கிடையாது, வாங்குறவுகளையும் உங்களையும் நேர்ல உக்கார வச்சுப் பேசுவோம். உங்க பதினோரு கேள்விக்கும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். கமிஷன் ஒரு ரூவா வேணாம். பதிலுக்கு நீங்க டீச்சர்கிட்ட போயி, கூடலிங்கம் சொன்னது நெசந்தான்னு எடுத்துச் சொல்லணும். படிச்ச புள்ள, அவுககிட்ட படிச்ச புள்ள. நீங்க சொன்னா நம்புவாக. இப்பவும் அந்த வீட்டு அடுப்படியில நின்னா எனக்கு டீச்சர் ஞாபகந்தாம்மா வருது. அந்த ஜன்னல்ல ரோடு அப்படியே கடைசி வரைக்கும் தெரியும்...

என்னது?

நான் எதுக்கு அந்த அடுப்படியில நிக்கிறேனா?

போனா நிக்கிறதுதான். தீபாவளி, பொங்கல்னா போறதுதான். அது... அங்க இருக்கிறவுக வேண்டியவுகன்னு சொன்னேன்ல.

சரிம்மா. என் மக அங்கதான் இருக்கா. பூங்கோதை. அந்த மில்லுக்காரரு மகனுக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கேன். அப்ப சம்பந்தி ஆகல, பேச்சு நடந்துக்கிட்டிருந்துச்சு, அம்புட்டுத்தான். தப்பா நினைக்காதீக. தங்கமான மனுஷன் அவரு. சீர்வரிசை, வண்டி, நகைன்னு ஒண்ணு கேக்கல. "வீட்ட நல்லபடியா முடிச்சுக் குடுத்தீரு, அது போதும்யா"ன்னுட்டாரு. என் தகுதிக்கு அந்தச் சம்பந்தம் கனவுலயும் கிடைக்காது.

என்ன சொன்னீக?

... அப்ப உங்க மகளுக்குச் சீர் குடுத்தது டீச்சரான்னா கேக்குறீக?

நான் அப்படி நினைச்சதில்லம்மா. இத்தன வருஷத்துல ஒரு நாள் கூட அப்படி நினைச்சதில்ல.

இல்ல. அத டீச்சர்கிட்ட சொல்லல. எல்லாத்தையும் சொன்னேன், அத மட்டும் சொல்லல. எப்படிச் சொல்றது? ஊருல தெரிஞ்சா சம்பந்தி மூஞ்சியில நான் முழிக்க முடியுமா? மக காதுக்குப் போச்சுன்னா அவ என்ன நினைப்பா? அதனாலதான் இத மட்டும் உள்ளயே வச்சுக்கிட்டேன்.

ஆமா. நீங்க சொல்றது புரியுது. பெத்த மகள எவனாவது கெட்ட வீட்டுக்கு அனுப்புவானா. அத ஒண்ணச் சொல்லியிருந்தா டீச்சர் அன்னைக்கே நம்பியிருப்பாக. பால் வைக்கிறத நிறுத்தியிருப்பாக. நம்ப வைக்கிற ஒண்ணே ஒண்ண விட்டுட்டு, மத்ததெல்லாம் சொல்லி அழுதுருக்கேன்.

அதத்தான் இப்ப நீங்க போய்ச் சொல்லுங்கம்மா. உங்க வாயால சொன்னா... ஏன், நான்தான் சொல்லணுமா? நடுவுல ஆள் வச்சுப் பேசியே பழகிட்டேன்னா சொல்றீக? சரி, நாளைக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை கட்டாயம் போறேன். சத்தியமா...

யாருக்கும்மா ஃபோன் போடுறீக? வேணாம்மா. கொஞ்சம் யோசிச்சுக்கிட்டு... ரிங் போகுதா? என்கிட்ட எதுக்கு நீட்டுறீக? மணி என்ன? அஞ்சேகாலா? ஐயோ, இந்நேரம் அவுக பால் வச்சுக்கிட்டு...

டீச்சர்... ஆமா டீச்சர், கூடலிங்கம்தான். உங்க ஸ்டூடண்டு வந்துட்டாக, நல்லபடியா வந்துட்டாக. இல்ல டீச்சர், ஃபோன வச்சுறாதீக. ஒண்ணு சொல்லணும். அந்த வீட்டுல யாரு இருக்கான்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. என் மக இருக்கா டீச்சர். தெரிஞ்சே கட்டிக் குடுத்தேன். வாசல மாத்தல, ஜன்னல அடைக்கல. தினமும் சாயங்காலம் அந்த ஜன்னல்ல நின்னு, ரோட்டுல அவ புருஷன் வர்றதப் பாத்துட்டுத்தான் அவளும் அடுப்பப் பத்த வைக்கிறா டீச்சர்.